செருப்புத் தைக்கச் சென்ற சிறுவன்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகம் ஒன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நன்னாளில், கல்வியால் உயர்ந்த சட்ட அறிஞரைப் பற்றியோ, மருத்துவரைப் பற்றியோ, ஆட்சியாளரைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் வேறானது. தொடக்கப் பள்ளிக்கு அப்பால் முறையான படிப்பு அமையாத ஒரு மனிதரின் வாழ்வைப் பற்றி, அதுவும் ஒரு பாடகரின் வாழ்வைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கல்விக் கழகத்தின் மேடையில் பள்ளிப் படிப்புக் குறைந்தவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவரைப் போல் வாழ்நாள் முழுவதும் கற்றவர் அரியர். அவருக்குக் கற்பித்தவர்களைப் போன்ற ஆசிரியர்களும் அரியர். அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அவர் பெயர் பியோதர் இவானொவிச் ஷாலியாப்பின். உருசிய நாட்டவர். ‘தாய்’ நாவலின் வழியாக நம்மில் பலரும் அறிந்த மக்சீம் கார்க்கியின் நெருங்கிய நண்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகம் போற்றிய இசை நாடகப் பாடகர்.

இசை நாடகமும் கீழ்க்குரலும்

ஆப்பரா என்பது ஐரோப்பியர் வளர்த்த இசை நாடகம். நம் தெருக்கூத்தில் வேடம் கட்டியவரே பாடி நடிப்பதுபோல், அங்கும் பாத்திரம் ஏற்றவரே பாடுகிறார். கதை முழுவதும் பாட்டாகவே நடக்கிறது. மேடைக்கு முன்னால் அறுபது, எழுபது இசைக் கருவிகள் ஒருசேர முழங்கும். பாடுபவருக்கு ஒலிபெருக்கி இல்லை. அத்தனை கருவிகளின் ஓசையையும் தாண்டி, மாடத்தின் கடைசி வரிசையில் குறைந்த கட்டணம் கொடுத்து அமர்ந்திருப்பவன் காதிலும் அவர் குரல் சென்று விழவேண்டும்.

ஆண் குரல்களை உயர்ந்தது, நடுத்தரமானது, தாழ்ந்தது என மூன்றாகப் பகுப்பர். அவற்றுள் மிகத் தாழ்ந்து, ஆழ்ந்து ஒலிப்பது ‘பாஸ்’ எனப்படும் கீழ்க்குரல். நொடிக்கு ஏறத்தாழ 80 அதிர்வுகள் முதல் 330 அதிர்வுகள் வரை அதன் எல்லை. இசை நாடகங்களில் காதலன் வேடம் பெரும்பாலும் உயர்ந்த குரலுக்கே உரியது. அரசர், குருமார், தந்தையர், முதியோர், சாத்தான் ஆகிய வேடங்கள் கீழ்க்குரலுக்கு வந்து சேரும்.

அத்தகைய குரல் பிறவிக் கொடை என்று பலர் எண்ணுவர். ஒரு பாதி உண்மை. தொண்டையின் அமைப்பு பிறப்போடு வருவதுதான். ஆனால் கருவிகளின் முழக்கத்தைத் தாண்டும் ஆற்றல் பயிற்சியால் வருவது. தேர்ந்த பாடகர்களின் குரலில், நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தனியொரு செறிவு இருப்பதை ஒலியியல் அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். கருவிகளின் ஓசை அப்பகுதியில் மெலிந்திருப்பதால், குரல் அவ்வழியே புகுந்து வெளிவருகிறது. மூச்சையும் தொண்டையையும் வாயையும் ஆளக் கற்றவருக்கே அந்தச் செறிவு முழுமையாகக் கைகூடும். பிறவியில் கிடைத்தது எவ்வளவு, கற்பித்ததால் வந்தது எவ்வளவு என்னும் இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் வாழ்வைப் பார்ப்போம்.

கசான் நகரத்து ஏழைச் சிறுவன்

வோல்கா ஆற்றங்கரையில் உள்ள கசான் நகரில் 1873ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் ஷாலியாப்பின் பிறந்தார். உருசியாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1861இல். அவர் பிறப்பதற்குப் பன்னிரண்டே ஆண்டுகளுக்கு முன். அடிமை முறை ஒழிந்தும் பிறப்பை ஒட்டிய பிரிவினை ஒழியவில்லை. பிரபு, குருமார், வணிகர், நகரத்தார், குடியானவர் என மனிதரை வகுத்து, அவ்வகுப்பை அரசு ஏடுகளிலும் கடவுச் சீட்டிலும் எழுதி வைத்தனர். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அது நீங்கியது. ‘வியாத்கா மாகாணத்துக் குடியானவன்’ என்பதுதான் ஷாலியாப்பினுக்கு எழுதப்பட்ட அடையாளம். அங்கே தீண்டாமை இருந்ததில்லை. நம் நாட்டுச் சாதியும் அந்நாட்டு வகுப்பும் ஒன்றல்ல. ஆயினும், பெயருக்கு முன்னால் பிறப்பை எழுதிவைக்கும் வழக்கம் ஒரு சிறுவனின் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தந்தை ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். குடிப்பழக்கம் மிக்கவர், குடித்துவிட்டால் மனைவியையும் மகனையும் அடிப்பார். தாய் பிறர் வீடுகளில் தரை கழுவியும் துணி வெளுத்தும் பிள்ளைகளைக் காத்தார். அத்தாய் தையல் வேலைக்கு இடையே பாடிய நாட்டுப் பாடல்களே மகன் முதலில் கேட்ட இசை.

பள்ளியில் சில ஆண்டுகள் கழிந்தன. பின்னர்த் தந்தை அவரைச் செருப்புத் தைக்கும் தொழில் பழக அனுப்பினார். ஞானத்தந்தையான ஒரு செருப்புத் தொழிலாளியிடமே முதலில் அமர்த்தப்பட்டார். குத்தூசியால் தோலில் துளையிட்டு, மெழுகேற்றிய நூலை இரு கைகளாலும் இழுத்துத் தைக்கக் கற்றார். பின்னர் மரக் கடைசல் தொழிலாளி ஒருவரிடம் அனுப்பப்பட்டார். சிறுவனின் உடலுக்கு மீறிய மரங்களைச் சுமந்தார். அதன் பின் அடகுக் கடையிலும் அலுவலகங்களிலும் நகல் எழுதும் வேலை. வோல்கா ஆற்றுத் துறைகளில் சுமை தூக்கிய நாள்களும் உண்டு. அதே ஆண்டுகளில் அதே கசான் நகரில் இளைஞர் கார்க்கி ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்போது ஒருவரை ஒருவர் அறியாதிருந்த அவ்விருவரும் பின்னாளில் நண்பர்களாகித் தம் கசான் நாள்களை நினைவுகூர்ந்து பேசி மகிழ்ந்தனர்.

இத்தனை இருளுக்கு நடுவே ஒரு சிறு வெளிச்சம் இருந்தது. ஏறத்தாழ ஒன்பது வயதில் தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் சிறுவன் சேர்க்கப்பட்டான். பாட்டின் சுரங்களை எழுத்தில் எழுதிப் படிக்கலாம் என்பதை அங்கேதான் முதன்முதலாக அறிந்தான். தலைவாசல் திறக்கவில்லை, ஒரு சன்னல் திறந்தது.

நாற்காலியில் அமரத் தெரியாத நடிகன்

1890இல், பதினேழு வயதில், உபா நகருக்கு வந்த நாடகக் குழுவில் கூட்டுப் பாடகராகச் சேர்ந்தார். அவ்வாண்டு திசம்பரில் ‘ஹால்கா’ என்னும் இசை நாடகத்தில் தனிப் பாத்திரம் ஏற்கவேண்டிய ஒருவர் வர இயலாமற் போகவே, அந்த இடம் இவருக்கு வந்தது. பாட்டு நன்றாகவே அமைந்தது. பாடி முடித்து, பின்னால் இருந்த நாற்காலியில் அமர வேண்டும். நாற்காலி இருந்த இடம் பார்க்காமல் அமர்ந்து, மேடையில் தொப்பென்று விழுந்தார். அரங்கம் சிரித்தது.

இந்நிகழ்ச்சியை அவரே பின்னாளில் மறையாது எழுதினார். குரல் அன்றைக்கும் இருந்தது. குரல் மட்டும் போதுமானால் அன்றைக்கே அவர் கலைஞர். பிறவிக் கொடை என்பது கற்பிப்பார் இல்லாவிடில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அந்த நாற்காலியே சான்று.

அதன் பின்னர் அவர் சேர்ந்த குழுக்கள் கலைந்தன, கூலி கிடைக்கவில்லை. ஊர் ஊராக அலைந்து காக்கசஸ் மலைநாட்டுக்குச் சென்றார். 1891இல் தாய் வறுமையிலேயே மறைந்தார். மகன் அருகில் இல்லை. உலகப் புகழ் பெற்ற மகனின் பாட்டை அந்தத் தாய் கேட்டதில்லை. திபிலீசு நகரை அடைந்தபோது அவர் பல நாள் உணவின்றி இருந்தார். ரயில்வே அலுவலகத்தில் ஒரு கணக்கர் வேலை கிடைத்ததால் உயிர் நின்றது.

ஊசாத்தவ் என்னும் ஆசிரியர்

இளைஞர்களே, இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதிக்கு வந்துள்ளோம். மாஸ்கோவின் புகழ்பெற்ற பல்ஷோய் அரங்கில் பாடி ஓய்வு பெற்ற திமித்ரி ஊசாத்தவ் என்பார் திபிலீசில் இசை கற்பித்து வந்தார். 1892இல் ஷாலியாப்பின் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்நேரத்தில் பழைய குழுத் தலைவர் ஒருவரிடமிருந்து கசானில் பாடும் வாய்ப்பு வந்திருந்தது. கையில் கூலி, கண்ணுக்கெதிரே வேலை. இருந்தும் ஆசிரியரின் தீர்ப்பைக் கேட்க நினைத்தார்.

ஊசாத்தவ் பாட்டைக் கேட்டார். ஊரைவிட்டுப் போகாமல் தம்மிடமே தங்கிக் கற்கும்படியும், அதற்குக் கட்டணம் ஏதும் வேண்டாம் எனவும் கூறினார். பசித்த இளைஞர் வேலையை விட்டுக் கல்வியைத் தேர்ந்தார்.

அவ்வாசிரியர் செய்தவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டணம் வாங்காததோடு அவர் நிற்கவில்லை. மாணவனிடம் மாற்றுடை இல்லை எனக் கண்டு தம் உடைகளைக் கொடுத்தார். தூய்மையாக வருமாறு கூறினார். அதைப் பிறர் முன் இகழ்ந்து கூறவில்லை. தம் வீட்டு மேசையில் உடன் அமர்த்தி உணவளித்தார். மேட்டுக்குடியினரின் மேசையில் எப்படி உண்பது என்பதையும் அங்கேயே மாணவன் கற்றுக்கொண்டான். திங்கள்தோறும் 10 ரூபிள் உதவித்தொகை கொடுக்க அவ்வூர்ச் செல்வர் ஒருவரை இணங்கச் செய்தார். சோம்பிய மாணவரைக் கண்டித்துத் திருத்தும் கடுமையும் அவரிடம் இருந்தது. அன்பு காட்டினார் என்பதற்காகப் பயிற்சியில் தளர்வு காட்டவில்லை.

மூச்சின் மேல் குரலை நிறுத்துவது எப்படி என்று கற்பித்தார். அதைவிடப் பெரிதாக ஒன்றையும் கற்பித்தார். இனிமையாகப் பாடினால் மட்டும் போதாது, பாடும் சொல்லின் பொருள் குரலில் ஒலிக்கவேண்டும் என்பதே அது. அக்காலத்தில் பலரும் கரடுமுரடானது என்று ஒதுக்கிய முசோர்க்ஸ்கியின் இசையை மாணவனுக்கு அறிமுகம் செய்தார். ஷாலியாப்பினின் புகழுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது அந்த முசோர்க்ஸ்கியின் இசையே.

உபாவில் மேடையில் விழுந்தவரும், திபிலீசில் ஊசாத்தவிடம் பயின்றவரும் ஒரே தொண்டையை உடையவர்களே. இடையில் வந்தது ஓர் ஆசிரியரின் கை. கட்டணம் கேளாது திறந்த கதவு ஒன்று இல்லையேல் உலகம் ஷாலியாப்பினைக் கேட்டிருக்காது. திறக்காத கதவுகளுக்கு வெளியே நின்று போனவர்கள் எத்தனை பேரோ!

கேட்கக் கூசாத மனிதர்

1894இல் தலைநகரான பீட்டர்ஸ்பர்க் சென்றார். மறு ஆண்டில் மரீன்ஸ்கி அரசு அரங்கில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே அவருக்கு மனநிறைவு கிட்டவில்லை. பழைய முறைப்படி நின்று பாடினால் போதும் என்றனர். 1896இல் சாவ்வா மாமந்தவ் என்னும் தொழிலதிபர் தாம் நடத்திய தனியார் இசை நாடக அரங்குக்கு அழைத்தார். அரசு அரங்கின் ஒப்பந்தத்தை முறித்தால் தண்டத் தொகை கட்டவேண்டும். அதில் பாதியை மாமந்தவ் ஏற்றார். ஷாலியாப்பின் மாஸ்கோ சென்றார்.

அங்கே ‘பஸ்கோவ் நங்கை’ என்னும் இசை நாடகத்தில் கொடுங்கோலன் நான்காம் இவான் வேடம். ஒத்திகையில் எவ்வளவு முயன்றும் பாத்திரம் பிடிபடவில்லை. சினத்தில் பாட்டுச் சுவடியைக் கிழித்தெறிந்து அழுதார். மாமந்தவ் பார்த்துவிட்டு, இவனிடம் தந்திரமும் வஞ்சமும் தெரிகின்றன, பேரச்சம் விளைவிக்கும் இவானைத்தான் காணோம் என்னும் பொருள்படக் கூறினார். அதைக் கேட்டதும் ஷாலியாப்பினுக்கு வழி புலப்பட்டது. திரேத்தியாக்கவ் ஓவியக் கூடத்திலும் பிற இடங்களிலும் இருந்த இவானின் ஓவியங்களையும் சிலையையும் நின்று நின்று பார்த்தார். நெற்றி எப்படி, கண் எப்படி, தோள் எப்படி என்று பயின்றார். 1896 திசம்பரில் அவ்வேடத்தில் அவர் மேடை ஏறியபோது, பாடகர் ஒருவரைக் காண வந்தவர்கள் ஓர் அரசனைக் கண்டனர்.

அடுத்து ‘பரீஸ் கொதுனோவ்’. முசோர்க்ஸ்கி இயற்றிய இசை நாடகம். உருசியாவை 1598 முதல் 1605 வரை ஆண்ட மன்னனின் கதை. அரச மரபில் பிறவாத அவன், சிறுவனான இளவரசனைக் கொன்று அரியணை ஏறினான் என்பது நாடகத்தின் கரு. கொலைப்பழி அவன் மனத்தை அரிக்கிறது. அப்பாத்திரத்தைப் பாட ஷாலியாப்பின் எப்படி ஆயத்தமானார் என்பது நம் மாணவர் ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

1898ஆம் ஆண்டின் கோடையில் அவர் தங்கியிருந்த சிற்றூருக்கு அருகே வரலாற்றுப் பேரறிஞர் கிளுச்செவ்ஸ்கி ஓய்வில் இருந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கூட மிதியாத பாடகர் அவரிடம் சென்று, பரீஸ் மன்னனைப் பற்றிச் சொல்லுமாறு வேண்டினார். அறிஞர் அவரை அழைத்துக்கொண்டு காட்டுவழியே நடந்தார். அக்காலத்து அரசவையை நேரில் கண்டவர்போல் விளக்கினார். சூயிஸ்கி என்னும் தந்திரக்காரப் பிரபுவாகத் தாமே மாறிப் பேசிக் காட்டினார். அதே கோடையில், இளம் இசையறிஞர் இரக்மானினவ் உடன் தங்கி, நாடகத்தின் இசையை வரிவரியாகக் கற்பித்தார். இசை இலக்கணத்தையும் சொல்லிக் கொடுத்தார். சேரவ், கரோவின், வுரூபெல் ஆகிய ஓவியர்களிடம் ஒப்பனையையும் உடையையும் நிற்கும் நிலையையும் பற்றிக் கேட்டறிந்தார்.

எனக்குத் தெரியாது, சொல்லித் தாருங்கள் என்று கேட்க அவர் கூசவில்லை. ஏழைக்கு வறுமை கொடுக்கும் கேடுகளுள் கூச்சம் ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் தாழ்வாக எண்ணுவார்களோ என்று அஞ்சி, வகுப்பின் கடைசி வரிசையில் வாய் மூடி அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இந்தப் பாடகரின் கதையைச் சொல்லுங்கள்.

1898 திசம்பரில் மாஸ்கோவில் ‘பரீஸ் கொதுனோவ்’ மேடையேறியது. கடவுச் சீட்டில் குடியானவன் என்று எழுதப்பட்டிருந்தவர், அன்று முதல் உலகறிந்த உருசிய மன்னரானார்.

உலக மேடை

1901இல் இத்தாலியின் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கம் அவரை அழைத்தது. இசை நாடகத்தின் தாயகம் இத்தாலி. அங்கே இத்தாலிய மொழியில், இத்தாலியர் பாய்ட்டோ இயற்றிய ‘மெபிஸ்தோபெலெ’ நாடகத்தில், சாத்தான் வேடத்தில் பாட வேண்டும். இசைக்குழுவை நடத்தியவர் தாஸ்கனீனி; உடன் பாடியவர் கருசோ. இருவரும் அழியாப் புகழ் பெற்றவர்கள்.

அந்நாளில் அங்கே ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. கூலிக்குக் கைதட்டும் கூட்டத்தார் பாடகரிடம் வந்து பணம் கேட்பர். கொடுத்தால் கைதட்டு, கொடுக்காவிடில் கூச்சல். ஷாலியாப்பின் ஒரு காசும் தர மறுத்தார். கைதட்டலை விலைக்கு வாங்கியதில்லை, வாங்கப்போவதுமில்லை என்பதே அவர் நிலை. அயல்நாட்டுக்குப் புதிதாக வந்த இளம் பாடகர் ஒருவருக்கு இது பெரிய துணிவு. முதல் நாள் இரவே அரங்கம் தானாக முழங்கியது.

1907இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் வரவேற்பு அப்படி அமையவில்லை. அவர் நடிப்பு நாகரிகமற்றது என்று திறனாய்வாளர்கள் எழுதினர். மனம் கசந்து திரும்பினார். 1908இல் தியாகிலெவ் ஏற்பாட்டில் பாரிஸ் நகரில் ‘பரீஸ் கொதுனோவ்’ நடந்தபோது, ஒத்திகைக்கு அரச உடையும் காட்சித் திரைகளும் ஆயத்தமாகவில்லை. ஒப்பனையின்றி, தம் அன்றாட உடையிலேயே பாடினார். கொலையுண்ட குழந்தையின் உருவத்தைக் கண்டு மன்னன் அஞ்சும் இடத்தில் அவர் மேடையின் ஒரு மூலையை நோக்கியபோது, பார்வையாளர் சிலரும் எழுந்து அம்மூலையைப் பார்த்தனராம். பட்டாடை இல்லை, முடி இல்லை. கற்ற கலை மட்டும் இருந்தது. 1921இல் மீண்டும் நியூயார்க்கில் அதே மெட்ரோபாலிட்டன் அரங்கில் பரீஸாகத் தோன்றினார். முன்னர் இகழ்ந்த நகரம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

இசைத்தட்டுகள் அவர் குரலை மேடைக்கு வர வாய்ப்பில்லாத எளிய மக்களிடமும் கொண்டு சேர்த்தன. வோல்கா ஆற்றில் கயிறு கட்டிப் படகு இழுத்த கூலியாட்களின் பாட்டை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அவரே. உழைப்பாளியின் மூச்சுக்கு ஏற்ப எழுந்தமையும் அப்பாட்டை, அரசரும் சீமாட்டிகளும் அமர்ந்திருந்த அரங்குகளில் அவர் பாடினார். நாற்று நடுவோரும் ஏற்றம் இறைப்போரும் சுமை இழுப்போரும் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நாம், அதன் பொருளை எளிதில் உணர்வோம்.

தந்ததும் தவறியதும்

உயர்ந்த பின் அவர் தம்மவருக்கு என்ன செய்தார் என்னும் கேள்வி எழுவது இயல்பு. நீழ்னி நோவ்கரத் நகருக்கு அருகே அலெக்சாந்திரொவ்கா என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் எழப் பொருள் உதவினார். 1906இல் கீவ் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்காகப் பாடினார். அவர்களுள் பெரும்பாலோருக்கு நுழைவுச் சீட்டு இலவசம். முதல் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்காகத் தம் செலவில் இரண்டு மருத்துவமனைகள் நடத்தினார்.

ஆனால் அவரைக் குறையற்ற தெய்வமாக்கி உங்கள் முன் நிறுத்த நாம் விரும்பவில்லை. முன்கோபி, செருக்கும் உண்டு, பணத்தில் கறாரானவர். 1911 சனவரியில் மரீன்ஸ்கி அரங்கில் ‘பரீஸ் கொதுனோவ்’ நடந்தபோது இரண்டாம் நிக்கோலாஸ் மன்னர் வந்திருந்தார். தம் ஓய்வூதியக் குறையை மன்னருக்கு உணர்த்த விரும்பிய கூட்டுப் பாடகர்கள், மேடையில் மண்டியிட்டு அரச வாழ்த்தைப் பாடினர். நடுவே சிக்கிய ஷாலியாப்பினும் மண்டியிட்டார். 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது தொழிலாளர் பாட்டை மேடையில் பாடியவர் மன்னர் முன் மண்டியிடுவதா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பிளெகானவ் அவருடைய நிழற்படத்தைத் திருப்பி அனுப்பினார். கார்க்கியே கடுமையாகக் கடிதம் எழுதினார். எதிர்பாராமல் நேர்ந்தது என்று ஷாலியாப்பின் விளக்கினார். பின்னர்க் கார்க்கியைக் காப்ரி தீவில் கண்டு நட்பைப் புதுப்பித்துக்கொண்டார்.

மண்டியிடுதல் என்றால் என்ன என்பதை நம் முன்னோர் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர். ஆதலால் இந்நிகழ்ச்சியை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. மேடையில் மன்னனாக முடி தரித்து நின்றவரும், ஒரு நொடியில், உண்மை மன்னன் முன் முழங்கால் மடக்க நேர்ந்தது. ஒரு மனிதர் எவ்வளவு உயர்ந்தாலும், அவரைச் சுற்றியுள்ள அமைப்பு மாறாதவரை அவர் முதுகெலும்புக்கு முழுக் காப்பு இல்லை. தனி மனிதரின் உயர்வு வேண்டும், அதுவே முடிவாகிவிடாது.

புரட்சிக்குப் பின், 1918இல், குடியரசின் மக்கள் கலைஞர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. பஞ்சம் நிலவிய அந்நாள்களில் மாவும் முட்டையும் ஊதியமாகப் பெற்றுப் பாடியதுண்டு. 1922இல் அயல்நாட்டுப் பயணம் சென்றவர் நாடு திரும்பவில்லை. பாரிஸ் நகரில், நாடிழந்து வறுமையுற்ற உருசியர்களின் குழந்தைகளுக்கு உதவுமாறு ஒரு பாதிரியாரிடம் 5000 பிராங்கு கொடுத்தார். புரட்சியின் பகைவருக்கு உதவினார் என்று கூறி, சோவியத் அரசு 1927இல் அப்பட்டத்தைப் பறித்தது. நாடு திரும்பும் உரிமையையும் மறுத்தது. கந்தல் உடுத்த குழந்தைகளைக் கண்டபோது அவர் கண்டது தம் கசான் நாள்களையே என்று எண்ணத் தோன்றுகிறது. பசித்த குழந்தைக்கு எந்தக் கட்சி?

1938 ஏப்ரல் 12ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் பாரிஸில் மறைந்தார். 1984இல் அவர் உடலின் எச்சங்கள் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு மதிப்புடன் அடக்கம் செய்யப்பட்டன. பறித்த பட்டத்தை 1991இல் அரசு திரும்ப வழங்கியது. 1982இல் அவர் பெயரால் ஓர் இசை நாடக விழாவும் தொடங்கப்பட்டது. தொடங்கிய ஊர் எது தெரியுமா? அவர் செருப்புத் தைக்கக் கற்ற கசான் நகரமே.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே, இவ்வாழ்விலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தொழிலில் இழிவு இல்லை. ஒருவனை ஒரு தொழிலிலேயே கட்டிப்போடுவதுதான் இழிவு. குத்தூசி பிடித்த கை பிற்காலத்தில் செங்கோல் பிடித்து நடித்தது. செருப்புத் தைத்த நாள்களை ஷாலியாப்பின் தம் நூலில் மறைக்கவில்லை. தோலும் பறையும் மண்வெட்டியும் நம் முன்னோர் கைகளில் இருந்தவை. அவற்றை எண்ணி நாணவேண்டியதில்லை. அவற்றோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை.

இரண்டாவது, இசையும் நடிப்பும் ஓவியமும் இன்னாருக்கே பிறப்புரிமை என்று கூறுவோரை நம்பாதீர்கள். கலை பயிற்சியால் வருவது. பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், வயிற்றுக்குச் சோறு வேண்டும். இவற்றைச் சிலருக்கு மறுத்துவிட்டு, அவர்களிடம் திறமை இல்லை என்பது வஞ்சகம். உங்களுள் பாடத் தெரிந்தவர் பாட்டைக் கற்க வேண்டும்; வரையத் தெரிந்தவர் வரையக் கற்க வேண்டும். அரசு வேலைக்கு உதவாதது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். சமுதாயத்துக்கு எழுத்தரும் வேண்டும்; பாடகரும் வேண்டும்.

மூன்றாவது, மூத்த உறுப்பினர்களுக்கும் படித்து வேலையில் அமர்ந்தவர்களுக்கும் உரியது. நம்மில் எல்லாரும் ஷாலியாப்பின் ஆக முடியாது. ஆனால் ஊசாத்தவ் ஆக எல்லாராலும் முடியும். மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவதும், ஒரு சட்டை கொடுப்பதும், தேர்வுக் கட்டணத்துக்கு ஒருவரை நாடி வாங்கித் தருவதும், பிள்ளையை உடன் அமர்த்திச் சோறிடுவதும் ஊசாத்தவ் செய்தவையே. மாணவரின் புகழோடு சேர்ந்தே அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

25 ஆண்டுகளாக நம் கழகம் செய்துவருவதும் இந்தக் கதவு திறக்கும் பணியே. கதவைத் தட்டும் அடுத்த சிறுவன் யார், சிறுமி யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் தொண்டையில் என்ன இருக்கிறது, மூளையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டி அறிய வழியும் இல்லை. ஆகவே, தட்டுகின்ற ஒவ்வொருவருக்கும் திறப்போம். கட்டணம் கேளாமல் திறப்போம். கண்டிப்போடு கற்பிப்போம்.